நரி வச்ச வாடாத இலை

டுபுடுபுன்னு டிராக்டர் சத்தம் கேட்டதும் குளத்தங்கரையில படுத்துக் கெடந்ததெல்லாம் வாரிச் சுருட்டிக்கிட்டு எந்திரிச்சுச்சு. காட்டுப்பன்னி கூட சேத்துக்குள்ள இருந்து ஒரு காதைத் தூக்குச்சு. பெருச்சாளி மூக்காயி மட்டும் அப்படி நின்னு கேக்கல. சத்தம் காதுல விழுந்தப்பவே பாதி தூரம் ஓடிட்டா.

எங்க ஓடுனா? தொட்டிக்கு.

காடு முடிஞ்சு ஊரு ஆரம்பிக்கிற எடத்துல, ஒரு வாகை மரத்து நெழல்ல, மனுசங்க பெரிய இரும்புத் தொட்டி ஒண்ணக் கொண்டாந்து வச்சிருந்தாங்க. ஊருக்குள்ள எந்தப் பழைய வீட்ட இடிச்சாலும் சரி, இடிச்ச சாமானெல்லாம் டிராக்டர்ல வந்து அதுலதான் விழும். கதவு, சன்னலு, ஓடு, கம்பி, ஓட்டை வாளி, கால் ஒடஞ்ச கட்டிலு, எல்லாம். மனுசனுக்குப் புதுசு வாங்கிட்டா பழசப் பாத்தாலே கண்ணு கூசும். தூக்கிப் போட்டாத்தான் அன்னைக்குச் சோறு எறங்கும். தொட்டி ரொம்பிட்டா ஒரு லாரி வந்து தொட்டியோட தூக்கிட்டுப் போயிடும். எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. போன சாமான் ஒண்ணும் திரும்பி வந்ததில்ல.

அதனால டிராக்டர் வந்து போறதுக்கும் லாரி வர்றதுக்கும் நடுவுலதான் காட்டுக்குத் திருவிழா.

மொதல்ல எல்லாம் அங்க ஒரே அடிதடிதான். ஒரு ஓட்டை வாளிக்காக முள்ளம்பன்னியும் கீரியும் கட்டிப் பொரண்டதுல கீரி மூக்குல நாலு முள்ளு. வாளிய யாரு கொண்டு போனா? வேடிக்கை பாத்த கொரங்கு. அதுக்கப்புறம்தான் எல்லாம் கூடி உக்காந்து ஒரு சட்டம் போட்டுச்சுங்க. தொட்டிக்குள்ள என்ன கெடந்தாலும், அது மேல யாரு ஒரு பச்ச இலைய வைக்கிறாங்களோ அவங்களுக்கு அது சொந்தம். இலை வாடிச் சுருள்றதுக்குள்ள தூக்கிட்டுப் போயிடணும். வாடிட்டா விட்டுடணும், அடுத்தவங்க இலை வைக்கலாம். ஆனா வாடாத இலையில யாரும் கை வைக்கக் கூடாது.

இந்தச் சட்டத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. எந்த இலைய வைக்கிறோம்ங்கிறதுதான் அது. கீரி அவசரத்துல புளிய இலைய வச்சுட்டுத் திரும்பிப் பாப்பான், அதுக்குள்ள அது சுருண்டு போயிருக்கும். மூக்காயி வைக்கிறது எருக்க இலை. மாட்டுக் காது கணக்கா தடிச்ச இலை. காலையில வச்சா உச்சி வெயில் வரைக்கும் அசையாது.

அன்னைக்கு மூக்காயிக்கு வேண்டியது ஒரே ஒரு பலகை. போன மழைக்கு அவ வளைக்குள்ள தண்ணி பூந்துருச்சு. ஆறு குட்டியவும் ஒவ்வொண்ணா வாயில கவ்விக் கரை மேல போடுறதுக்குள்ள, கடைசிக் குட்டி பாதி உசுராயிடுச்சு. இந்தத் தடவ வளை வாசல்ல ஒரு பலகைய குறுக்க நட்டுட்டா, மேல இருந்து எறங்குற தண்ணி ஒதுங்கிப் போயிடும். வானத்துல மேகம் வேற அண்டாவுக்கு அடியில பிடிச்ச கரி மாதிரி கருத்துக்கிட்டு வருது.

டிராக்டர் கொட்டிட்டுக் கெளம்புன தூசி அடங்கல, மூக்காயி தொட்டிக்குள்ள குதிச்சுட்டா. ரோசாப்பூ கலர்ல பெயிண்ட் அடிச்ச கதவு ஒண்ணு பளபளன்னு கெடந்துச்சு. வாலால ஒரு தட்டு தட்டுனா. பொத்துன்னு கேட்டுச்சு. உள்ளாற பூரா கரையான். மேலுக்கு மினுக்கினவ எல்லாம் உள்ள மண்ணுதான்னு வைதுட்டு நகந்தா. அடுத்தது மாமரப் பலகை, ஒரு மழைக்குத் தாங்காது. கட்டிலுக்கு அடியில பூந்து பாத்தா. அங்க கெடந்துச்சு ஒரு பலகை. அடுப்படிப் புகை ஏறி அட்டக்கரியா, மூணு ஆணி துருத்திக்கிட்டு, பாக்கவே சகிக்கல. தட்டுனா. டங்குன்னுச்சு! ஓரத்துல பல்லால ஒரு கீறு கீறி மோந்து பாத்தா. மீசை முடி அத்தனையும் நட்டுக்கிச்சு. தேக்கு. சுத்தமான பழைய தேக்கு.

எருக்க இலைய மேல வச்சுட்டு, காட்டுப்பன்னி கொம்பையாவக் கூப்பிட ஓடுனா. அவ்வளவு கனமானத அவனாலதான் இழுக்க முடியும்.

கொம்பையா நல்லவன்தான். ஆனா சேத்துல எறங்கிட்டா அவன எழுப்புறது பெரும்பாடு. ஒரு பக்கம் ஊறிடுச்சு, இன்னொரு பக்கமும் ஊறட்டும் தங்கச்சின்னான். இலை வாடிடும் அண்ணேன்னு அவ கெஞ்சுனா. வாடாது, உன் இலை இரும்புன்னு சொல்லிட்டுப் பொரண்டு படுத்துட்டான். அப்படியே அவனைக் கெளப்பிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள பொழுது உச்சி தாண்டிடுச்சு.

வந்து பாத்தா, எருக்க இலை சுருண்டு ஓரமா கெடக்கு. பலகை மேல பளிச்சுன்னு ஒரு மாவிலை.

அந்தப் பலகையில மட்டும் இல்ல. கொம்பையா சேத்துக் குளியலுக்குன்னு ஆசைப்பட்ட ஒடஞ்ச சிமெண்டுத் தொட்டியில ஒரு மாவிலை. காக்கா அன்னக்கொடி கூடு கட்டப் பாத்து வச்ச செம்புக் கம்பியில ஒரு மாவிலை. நல்ல சாமான் ஒவ்வொண்ணுலயும் ஒரு மாவிலை. அதுக்கு நடுவுல கால் மேல கால் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான் நரி சட்டநாதன்.

சட்டநாதன் பேசியே கல்லுல நார் உரிக்கிறவன். எல்லாம் நானே வச்சது, முறைப்படி வச்சதுன்னான். சட்டம்னா சட்டம். நாளைக்கு அந்த இலை வாடும், அப்ப பாத்துக்கலாம்னு மூக்காயி மனசத் தேத்திக்கிட்டுப் போனா.

மறுநாள் உச்சிக்கு வந்து பாத்தா, இலை பச்சப்பசேல்னு இருக்கு. மூணாம் நாள் காலையிலயும் அப்படியே இருக்கு. மேகம் விலகி வெயிலு கல்லைப் பொளக்குது, இலைக்கு ஒரு சுருக்கம் இல்ல. மூக்காயிக்குச் சந்தேகம் வந்துச்சு. அன்னக்கொடி பறந்து போயி ஒரு இலை பக்கத்துல உக்காந்து, தொடாம, தலையச் சாய்ச்சுச் சாய்ச்சு மோந்து பாத்தா.

"ஏ மூக்காயி, இது மரத்துல காய்ச்ச இலை இல்லடி. கடையில காய்ச்சது. பிளாஸ்டிக்!"

விசயம் இதுதான். இடிச்ச வீட்டு வாசப்படியில தொங்குன பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் சட்டநாதன் கையில சிக்கிடுச்சு. ஒவ்வொரு இலையா பிச்சு எல்லாத்து மேலயும் வச்சுட்டான். மிச்சத் தோரணம் தொட்டி மூலையில அனாதையாக் கெடந்துச்சு.

எல்லாரும் சேந்து அவனப் பிடிச்சுக் கேட்டாங்க. அவன் கொஞ்சம் கூட அசரல. "பச்ச இலைன்னுதானே சட்டம்? இது பச்சையா இருக்கா? இருக்கு. இலையா இருக்கா? இருக்கு. எந்த மரத்து இலைன்னு சட்டத்துல ஒரு வார்த்தை இருந்தா சொல்லுங்க, இப்பவே எந்திரிச்சுப் போறேன்."

கொம்பையாவுக்குக் கோவம் வந்து, இவன ஒரே முட்டுல வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்புறேன்னு கெளம்புனான். மூக்காயிதான் குறுக்க விழுந்து தடுத்தா. நீ இன்னைக்கு முட்டிப் பறிச்சா, நாளைக்கு எவன் பலசாலியோ அவன் வைக்கிறதுதான் சட்டம். அப்புறம் என்ன மாதிரி ஒரு சாண் ஒசரத்துக்கு இருக்கிறவளுக்கு இந்தத் தொட்டியில ஒரு ஆணி கூடக் கெடைக்காதுன்னு சொன்னா. கொம்பையா பெருமூச்சு விட்டுட்டு நின்னுட்டான்.

சட்டநாதனுக்கு வேண்டியது வேற. நண்டு. குளத்து நண்ட உயிரோட பிடிச்சுக் கொண்டாந்தா, ஆளுக்கொரு சாமான் மேல இருக்கிற இலைய எடுத்துடுறேன்னான். மூக்காயி குளத்துல எறங்குனா. ரெண்டு நண்டு மூக்கைக் கவ்வுச்சு, ஒண்ணு வாலைக் கவ்வுச்சு. கவ்வுனதோடயே கரையேறி எட்டு நண்டக் கொண்டாந்து வச்சா. அவன் ஓட்ட ஒடச்சு எட்டையும் முழுங்குனான். ஏப்பம் விட்டான். நண்டு சின்னது, நாளைக்குப் பெருசா கொண்டா, பாக்கலாம்னான்.

அவன் வாயத் தொடைக்கல, டிராக்டர் வந்துருச்சு. எல்லாரும் பொதருக்குள்ள ஒளிஞ்சாங்க. சட்டநாதன் மட்டும் கட்டிலுக்கு அடியில பதுங்கிக்கிட்டான். இன்னொரு லோடு வந்து விழுந்துச்சு. தொட்டி விளிம்பு வரைக்கும் ரொம்பிடுச்சு. இனி லாரி வரும். இன்னைக்கே வரும். தூரத்துல இடி உருட்டுற சத்தமும் கேட்டுச்சு.

மூக்காயி எட்டிப் பாத்தா. சட்டநாதன், நண்டு தின்ன மயக்கத்துல, அவ பலகை மேலயே மல்லாந்து கெடந்து குறட்டை விட்டான். வாயோரத்துல நண்டுக் காலு ஒண்ணு ஏறி எறங்குது. குட்டிங்க நெனப்பு வந்து அவளுக்குக் கண்ணு கலங்குச்சு. அப்படியே பாத்துக்கிட்டே நின்னவ, திடீர்னு நிமிந்தா. மீசை நட்டுக்கிச்சு.

குடுகுடுன்னு மூலைக்கு ஓடுனா. யாரும் இலை வைக்காத அந்தத் தோரணத்துல இருந்து ஒரு இலையப் பிச்சா. மெதுவா வந்து, சட்டநாதன் நெத்தி மேல வச்சா. அது நழுவாம அதோட நூலையே ரெண்டு காதுலயும் மாட்டிவிட்டா. கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போங்க.

அப்புறம்தான் அன்னக்கொடியும் கொம்பையாவும் மத்தவங்களும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்தச் சத்தத்துலதான் அவன் முழிச்சான்.

"என்ன இங்க கூட்டம்?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, என் சாமானப் பாக்க வந்தோம்," மூக்காயி பவ்யமா சொன்னா. "நீங்கதான் அந்தச் சாமான். தொட்டிக்குள்ள கெடந்தீங்க, இலை வச்சுட்டேன்."

அவன் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுச் சீறுனான். நான் உசுருள்ளவன், சாமான் இல்லன்னான். தொட்டிக்குள்ள என்ன கெடந்தாலும்னுதான் சட்டம், உசுரு இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை இருக்கான்னு கேட்டா மூக்காயி. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. சட்டநாதன் இலையப் பிக்கப் போனான். வாடாத இலையில கை வைக்கக் கூடாதுன்னு கொம்பையா பல்லைக் காட்டி ஞாபகப்படுத்துனான். பல்லுன்னா சும்மா பல்லு இல்ல, ஒரு முழம்.

அப்பத்தான் ரோட்டு வளைவுல லாரி ஆரன் அடிச்சுச்சு.

சட்டநாதன் துள்ளிக் குதிக்கப் பாத்தான். "எங்க கெளம்பிட்டீங்க?" மூக்காயி குறுக்க நின்னா. "என் சாமான நானாப் பாத்துத் தூக்குனாத்தான் உண்டு. இலை வாடட்டும், அப்புறம் உங்க இஷ்டம். அது வரைக்கும் இங்கேயே கெடங்க."

"அது எப்படி வாடும், லாரி வந்துரும்டி!"

"ஏன் அண்ணாச்சி வாடாது?"

ஆரன் இன்னும் கிட்டக்க கேட்டுச்சு. தொட்டி லேசா அதிருது. போன சாமான் திரும்பி வந்ததில்லங்கிறது அவனுக்கும் தெரியும். கண்ணு ரெண்டும் பிதுங்கிருச்சு.

"அது இலையே இல்ல! வெறும் பிளாஸ்டிக்! ஒண்ணும் இலை இல்ல, நான் வச்சது எதுவுமே இலை இல்ல, என்ன விடு தாயி!"

அவ்வளவுதான். கூட்டம் தொட்டிக்குள்ள பாஞ்சுச்சு பாருங்க! வாகை இலையும் எருக்க இலையும் மழையாக் கொட்டுது. இலை வச்ச கையோட இழு, தள்ளு, உருட்டு. அன்னக்கொடி கம்பியக் கவ்விக்கிட்டுப் பறக்குறா, கம்பி பாதி தரையில தேயுது. கீரிக்கு ஒரு கூடை சிக்குச்சு. அதுக்குள்ள அவனே விழுந்து கூடையோட உருண்டு வெளிய வந்தான். கொம்பையா ஒரே முட்டுல தன்னோட சிமெண்டுத் தொட்டியத் தள்ளிவிட்டுட்டு, சேத்துல ஊறுன பாவத்துக்குப் பரிகாரம்னு சொல்லித் தேக்குப் பலகையப் பல்லுல கவ்வுனான். மூக்காயி பின்னால இருந்து மூக்காலயே தள்ளுனா. பலகை விளிம்பு தாண்டித் தொப்புன்னு கீழ விழுந்துச்சு. லாரி சக்கரம் வாகை மரத்தடிக்கு வர்றதுக்கும், கொம்பையா வாலு பொதருக்குள்ள மறையிறதுக்கும் சரியா இருந்துச்சு.

சட்டநாதன் ஒண்ணையும் தூக்கல. தூக்கக் கூடாதுன்னு யாரும் அவனச் சொல்லல. நீயும் ஒண்ணு எடுத்துக்க, உனக்கு என்ன வேணும்னு மூக்காயி ஓடுற ஓட்டத்துலயே ஒரு வார்த்தை கேக்கத்தான் செஞ்சா. தொட்டிய விட்டு வெளிய குதிச்ச அவன் திருதிருன்னு முழிச்சான். மூணு நாளா எல்லாத்துலயும் இலை வச்சவன், எது வேணும்னு ஒரு தடவ கூட யோசிச்சுப் பாக்கல. யோசிக்கிறதுக்குள்ள லாரியோட கொக்கி எறங்கி, தொட்டி மேல போயிடுச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே மழை பிச்சு ஒதறுச்சு. கரையில இருந்து தண்ணி சுழிச்சுக்கிட்டு எறங்கி வந்து, வளை வாசல்ல நட்ட தேக்குப் பலகையில மோதி, அந்தப் பக்கமாத் திரும்பிக் குளத்துல போயி விழுந்துச்சு. வளைக்குள்ள ஆறு குட்டியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு வேடிக்கை பாத்துச்சுங்க. கடைசிக் குட்டி மட்டும் மூக்க வெளிய நீட்டி ஒரு சொட்டு மழைய நக்கிப் பாத்துட்டு உள்ள ஓடியாந்துச்சு.

தனக்கு வேணாம்னாலும் அடுத்தவனுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு சட்டத்த வளைக்கிறவன், ஒருநா அந்த வளைவுக்குள்ள தானே மாட்டிக்கிட்டு முழிப்பான்.