கல்லில் வைக்காத புள்ளிகள்

முன்னொரு காலத்தில், ஏட்டிலும் கல்லிலும் நிறுத்தற்குறி என்பதே இல்லாமல் எழுதிவந்த நாளில், கடலோர நாடு ஒன்றை உதயகேது என்னும் மன்னர் ஆண்டுவந்தார். பகைவரை வென்று திரும்பியதும், அந்த வெற்றியைக் கோட்டை வாசலில் கல்லில் பொறித்துவைக்க அவருக்கு ஆசை வந்தது. பாட்டு எழுதும் பொறுப்பு விகடகவி கூத்தபிரானிடம் வந்தது.

கூத்தபிரான் துறைமுகத்தில் அயல்நாட்டுக் கப்பல் வணிகர்களோடு பழகியவர். வாக்கியம் முடியும் இடத்தில் அவர்கள் புள்ளி வைப்பதைப் பார்த்துத் தம் பாட்டிலும் வைத்திருந்தார். அவர்மேல் வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த மந்திரி அரிகண்டர், அந்த ஓலையை மன்னரிடம் நீட்டினார்.

"அரசே, தங்கள் புகழின்மேல் ஈ எச்சமிட்டதுபோல் இருக்கிறது, பாருங்கள்."

மன்னரின் முகம் சிவந்தது. "புள்ளிகளை நீக்கிவிட்டுப் பொறியுங்கள்!"

"வேண்டாம் அரசே. புள்ளி போனால் பொருளும் போய்விடும்" என்றார் கூத்தபிரான்.

"அப்படியா? பௌர்ணமி விழாவில் நீரே அதைப் படியும். ஒரு சொல்லும் மாறக்கூடாது. பொருள் எப்படிப் போகிறது என்று காட்டும். காட்டாவிட்டால் அன்றே நாட்டைவிட்டு வெளியேறும்!"

மந்திரி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

விழாவன்று ஊரே திரண்டது. தோற்ற நாட்டுத் தூதர்களும் வந்திருந்தார்கள். கல்லில் ஒரே நீள வரியாக இப்படி இருந்தது:

வந்தார் மன்னர் நடுங்கினார் பகைவர் நின்றார் மன்னர் ஓடினார் பகைவர் வென்றார் மன்னர்

கூத்தபிரான் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"வந்தார். மன்னர் நடுங்கினார். பகைவர் நின்றார். மன்னர் ஓடினார். பகைவர் வென்றார். மன்னர்... பாவம், கடைசியில் மன்னர் மட்டும் தனியாக நிற்கிறார்!"

தூதர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மன்னரின் கை வாளுக்குப் போயிற்று.  கூத்தபிரான் கைகூப்பினார்.

"கல்லில் உள்ளதைத்தான் படித்தேன் அரசே. ஒரு சொல்லாவது மாறியதா?"

"ராஜத் துரோகம்!" என்று மந்திரி கத்தினார். "'வந்தார் மன்னர்' என்றல்லவா நிறுத்த வேண்டும்!"

"எங்கே நிறுத்த வேண்டும், மந்திரியாரே? கல்லில் காட்டுங்கள்."

மந்திரி விடுவிடென்று போய், கல்லில் விரலை அழுத்தினார். "இதோ, இங்கே!"

"அடுத்தது?"

"இங்கே!" இடக்கை விரலும் கல்லில் பதிந்தது.

"அதற்கடுத்தது?"

மந்திரி இரு கையையும் எடுக்க மனமில்லாமல், தம் காலைப் பார்த்தார்.

"அரசே, மந்திரியார் இப்படியே கல்லோடு ஒட்டி நிற்கட்டும். படிக்க வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும். மிச்சம் மூன்று இடத்துக்கு வேறு மந்திரிகள் இருக்கிறார்களே!"

மன்னரின் கை வாளை விட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கையை எடும், அரிகண்டரே! சிற்பியை அழையுங்கள், புள்ளிகளைப் பொறிக்கட்டும். கூத்தபிரானே, புள்ளிக்கு ஒரு முத்து உமக்குப் பரிசு!"

கூத்தபிரான் ஐந்து முத்துகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இது முன்பே தெரிந்திருந்தால், போரை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாடியிருப்பேன், அரசே."

மன்னர் மறுபடியும் சிரித்து, தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவருக்கே அணிவித்தார்.