மஞ்சள் ஓட்டை பெரியவருக்கு

மொட்டணம்பாளையத்தில் ஒரு புத்திசாலி இருந்தான் என்பார்கள். அவனும் வெளியூருக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தவர்களில் மூன்று பேர் அண்ணன் தம்பிகள். மூத்தவர் அங்கண்ணன், நடுவில் நாச்சிமுத்து, கடைசி குப்புராஜ்.

அப்பன் போனதும் சொத்தைப் பிரித்தார்கள். பாகம் என்றால் பாகம். அப்பன் உட்கார்ந்த முக்காலியில் ஆளுக்கு ஒரு கால். பழைய டிவியை மட்டும் அறுக்க முடியவில்லை, பொதுவில் விட்டார்கள். அதில் போட்டுப் பார்க்க மூத்தவரிடம் வீடியோ கேசட் டெக், நடுவிலவனிடம் டிவிடி பிளேயர், இளையவனிடம் கேபிள் பெட்டி.

அங்கண்ணனுக்கு அந்த ஐப்பசியில் தூக்கம் போயிற்று. ஆவணியில் மகளைக் கட்டிக்கொடுத்தார். பந்தலில் தனக்கு மாலை போடவில்லை, ஆகவே மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வரமாட்டான் என்று சம்பந்தி தெய்வசிகாமணி சொல்லிவிட்டார். மகள் அழுதாள். அங்கண்ணன் தன் கையாலேயே போட்ட மாலை அது. கல்யாணக் கேசட்டில் இருக்கிறது. வந்து பாருங்கள் என்று சம்பந்தியை வரவழைத்தார்.

டிவியின் முதுகில் மூன்றே ஓட்டை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு. ஒவ்வொரு மிஷினுக்கும் மூன்று ஒயர். கடைக்காரனைப் போனில் கேட்டார்கள். நிறம் பார்த்துச் சொருகு, ஒரு ஓட்டைக்கு ஒரு ஒயர்தான் என்று சொல்லி வைத்துவிட்டான்.

"பெரியவர் நீங்க, மஞ்சள் உங்களுக்கு," என்றான் நாச்சிமுத்து. "எனக்கு வெள்ளை. இவனுக்குச் சிவப்பு."

"மூணுலயும் என்னோடதே சொருகினா என்னடா?"

"அப்ப எங்க பங்கு?"

அங்கண்ணன் வெட்கப்பட்டுப் போனார். பங்கு வாங்கியவன் சும்மா இருக்கக்கூடாது என்று மூன்று மிஷினையும் ஓடவிட்டார்கள்.

மஞ்சள் ஓட்டையில் கேசட்டின் படம் மட்டும் வந்தது. பந்தலில் அங்கண்ணன் சம்பந்திக்கு மாலை போடுகிறார். ரோஜா மாலை, முழங்கால் வரைக்கும். சம்பந்தி முகம் இளகியது.

குப்புராஜ் பெட்டியில் அந்நேரம் மாட்டு வைத்திய நிகழ்ச்சி. "பல்லைப் பாருங்கள், வயசு தெரியும். இது சந்தையில் விலை போகாது" என்றது சிவப்பு ஓட்டை. நாச்சிமுத்து போட்டிருந்தது சிரிப்புப் படம். வெள்ளை ஓட்டையில் கூட்டமே கெக்கலி கொட்டிற்று.

சம்பந்தி வாயை மூடிக்கொண்டார். பிறகு, "மாலை போட்டது நெசந்தான். போட்டுட்டு இப்படியா பேசுனீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் தம்பிகள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுங்கி யோசித்தார்கள்.

"நான் அப்படிப் பேசுனனாடா?"

"வாய் அசையுதுங்களே அண்ணா. டிவி எதுக்குப் பொய் சொல்லப் போகுது?" என்றான் குப்புராஜ்.

"சிரிச்சது நாந்தான்," என்றான் நாச்சிமுத்து. "என் சிரிப்பு எனக்குத் தெரியாதா?"

அங்கண்ணன் திரும்பி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "பேசிட்டமுங்க. தப்புத்தான். நீங்க நல்லா வெல போவீங்க."

"இந்த வாய்ப்பேச்செல்லாம் வேண்டாம். சந்தையில காட்டுங்க."

செவ்வாய்க்கிழமை சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். சம்பந்தி புது வேட்டியில், கழுத்தில் ரோஜா மாலையோடு நின்றார். மாட்டுத் தரகரும் மொட்டணம்பாளையத்துக்காரர்தான். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைத் தட்டிப் பார்த்தார். முதுகில் ஒரு அறை விட்டார். அந்தக் கோடிவரை நடக்கவிட்டார். பிறகு கையைத் துண்டால் மூடிக்கொண்டு, அங்கண்ணனின் விரலைப் பிடித்து விலை சொன்னார்.

அங்கண்ணன் கண் விரிந்தது. சம்பந்தியின் காதில் போய்ச் சொன்னார்.

சம்பந்திக்கு முகமெல்லாம் பல். "அத்தனையா? சரி, மாப்பிள்ளை தீபாவளிக்கு வருவான். நானும் வர்றேன்."

அங்கண்ணனுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. கிளம்பப் போனவரைக் குப்புராஜ் இழுத்து நிறுத்தினான். "அண்ணா, இந்த வெல இனி வராது. மூணாப் பிரிச்சாலும் தேறும்."

அங்கண்ணன் வெகுநேரம் யோசித்தார். பிறகு தரகரைப் பார்த்து, "இப்ப வேண்டாம். தீபாவளி கழியட்டும்," என்றார்.

"அதுவுஞ்சரிதான்," என்றார் சம்பந்தி. "பலகாரம் தின்னா இன்னுங்கொஞ்சம் வெல ஏறும்."