வானத்தைச் சொந்தமாக்கிய மன்னர்

முன்பு ஒரு காலத்தில், கடலும் உப்பளமுமாகக் கிடந்த கொடுங்கரை நாட்டைக் கீர்த்திமாறர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். யாராவது புகழ்ந்துவிட்டால் மட்டும் அன்றைக்கு நாட்டுக்கு ஏதாவது ஒரு தலைவலி நிச்சயம்.

அங்கே திருவிழா என்றால் முதல் வாணத்தில் அரசரின் சங்குக்கொடியைக் கட்டி விடுவார்கள். அந்த வருடம் வாணம் மேகத்துக்குள் போய் மறைந்தது. அமைச்சர் அரங்கேசரைக் கண்டாலே வயிறெரியும் விடங்கன் என்ற பிரபு, இதுதான் சமயம் என்று எழுந்தான்.

"மன்னவா, நம் கொடி வானத்தைத் தொட்டுவிட்டது. இனி வானம் தங்களுடையது. தங்கள் நட்சத்திரத்தைப் பார்த்து அயல்நாட்டான் எவனும் படகோட்டக் கூடாது."

மன்னருக்கு உச்சி குளிர்ந்தது. அப்படியே ஆணை போட்டார்.

அன்றே ஒருவன் அகப்பட்டான். புயலில் படகு உடைந்து கரையொதுங்கிய தீவுக்காரன், பெயர் நாகுலன். எப்படி வந்தாய் என்று காவலர்கள் கேட்க, "வடக்கே அசையாமல் நிற்கிற வடமீன் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான்" என்று பாவம், உண்மையைச் சொல்லிவிட்டான். நாளைக்கே அவன் கண்களைப் பிடுங்க வேண்டும் என்றான் விடங்கன். மன்னரும் தலையாட்டினார்.

அரங்கேசருக்கு மனம் பதறியது. கரையொதுங்கியவனுக்குக் கஞ்சி கொடுப்பதை விட்டுவிட்டு இதென்ன கொடுமை? நேரே மறுத்தால் மன்னர் முறுக்கிக்கொள்வார். மேற்கே வானம் கருத்திருப்பதைச் சாளரம் வழியே பார்த்தார்.

"அருமையான ஆணை, மன்னவா. உப்பளம்வரை பறையறைந்து சொல்லிவிடுகிறேன்" என்று கிளம்பினார்.

இரவு கோடைமழை கொட்டித் தீர்த்தது. காலையில் நாகுலனை அவைக்கு இழுத்துவந்தபோது, உப்பளத்துப் பொன்னுருவியும் ஈரச் சேலையோடு வந்து நின்றாள்.

"சாமி, உங்க வானம் எங்க உப்பையெல்லாம் கரைச்சுப்புடுச்சு. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"மழை பெய்தால் நான் என்னம்மா செய்வேன்?"

அரங்கேசர் பணிவாகச் சொன்னார்: "மாடு அடுத்தவன் வயலில் மேய்ந்தால் மாட்டுக்காரன்தான் பொறுப்பு. தாங்கள் போட்ட சட்டம்தானே, மன்னவா?"

"அதற்கென்ன?"

"மழையும் தங்கள் வானத்திலிருந்து வந்ததுதானே? இடி விழுந்து தென்னை கருகியவர்கள், காற்றில் கூரை பறந்தவர்கள் எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். தங்கள் புயலில் படகை இழந்த இந்தத் தீவுக்காரன்தான் முதல் வழக்காளி."

மன்னர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "விடங்கா, அந்த வாணத்தைக் கொளுத்தியது யார்?"

பரிசு வருகிறது என்று நினைத்தான் விடங்கன். "அடியேன்தான், என் கையாலேயே."

"அப்படியானால் வானத்தைப் பிடித்தவன் நீ. பொறுப்பும் உன்னுடையது. இந்த அம்மாவோடு போய், பாத்தியில் மறுபடி உப்பு விளையும்வரை வேலை செய்."

விடங்கன் தலையைத் தொங்கப்போட்டுப் போனான். மன்னர் தம் பட்டுச் சால்வையை அரங்கேசருக்குப் போர்த்தினார். "வானம் யாருக்குத்தானய்யா சொந்தம்?"

"யாருக்கும் இல்லை, மன்னவா. அதனால்தான் எல்லோரும் அதை நம்பிக் கடலுக்குப் போகிறார்கள்."

அன்று இருட்டி நட்சத்திரங்கள் வந்ததும் நாகுலனுக்குப் புதுப்படகு கொடுத்து, வழியனுப்ப மன்னரே கரைக்கு வந்தார். அவனுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. "அரசே, வடமீனைப் பார்த்துப் போகலாமா?" என்று தயங்கிக் கேட்டான்.

மன்னருக்கு வெட்கமாகிவிட்டது. "அதை ஏனப்பா என்னிடம் கேட்கிறாய்?" என்றார். "போவதற்கு முன் அது எது என்று எனக்கும் காட்டிவிட்டுப் போ. இதுவரை எனக்குத் தெரியாது."