யானைத்துறைச் சுவர்

காது கொடுத்துக் கேளுங்கள், பிள்ளைகளே. மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலத்தில், செம்பாறை நாட்டை ஒரு மன்னன் ஆண்டான். அவனுடைய சித்திரச்சாலையில் ஐம்பது பேர் ஓவியம் பயின்றார்கள். அவர்களில் ஒருத்தி தத்தை.

சாலையில் சொல்லிக்கொடுத்தது ஒரே முறை. காய்ந்த சுவரில், பிசின் கலந்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும். தத்தைக்கு அது போதவில்லை. மாட்டுக்கொட்டகையின் பின்சுவரில் வேறு முறைகளைச் சோதித்தாள்.

வண்ணத்தில் வெல்லப்பாகு கலந்து மயில் வரைந்தாள். எறும்புகள் வந்து தோகையைத் தின்றன.

எண்ணெய் கலந்து மான் வரைந்தாள். பத்து நாளாகியும் காயவில்லை. பசு வந்து உரசி, மானை விலாவில் ஒட்டிக்கொண்டு போனது.

ஈரச் சுண்ணாம்பின் மேல் காவிமண்ணால் கோடு இழுத்து, உள்ளே மஞ்சள்தூள் பூசிச் சிங்கம் வரைந்தாள். மஞ்சள் முழுவதும் சிவந்துவிட்டது.

“உன் சிங்கத்துக்கு யாரடி ஆரத்தி எடுத்தது?” என்று சிரித்தான் கூத்தன். சாலையில் முதல் மாணவன் அவன்தான்.

தலைமை ஓவியர் சிரிக்கவில்லை. “இன்னும் ஒரு சுவரைக் கெடுத்தால், நீ சாலையை விட்டுப் போக வேண்டியதுதான்” என்றார்.

ஒரு மாதம் கழித்து, தத்தை அந்தச் சிங்கத்தைக் கழுவப் போனாள். சிவப்பு கரைந்து ஓடியது. காவிக்கோடு போகவில்லை. கையால் தேய்த்தாள், துணியால் தேய்த்தாள், தேங்காய்நாரால் தேய்த்தாள். போகவே இல்லை! ஈரச் சுண்ணாம்பு காயும்போது காவிமண்ணைக் கவ்விக்கொண்டது என்று அவளுக்குப் புரிந்தது.

அந்த வாரமே மன்னன் அறிவித்தான்: “யானைகள் குளிக்கும் துறையில் நீளச் சுவர் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பாகம் வரையுங்கள். ஒரு மாதம் கழித்து யானைகள் வரும். எந்த ஓவியம் நிற்கிறதோ, அதை வரைந்தவரே என் புது அரண்மனைக்கு ஓவியர்.”

கூத்தன் தங்கத்தேர் தீட்டினான். பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

தத்தை மஞ்சளைத் தொடவில்லை. மண்வண்ணங்களை மட்டும் எடுத்தாள். வெயிலில் சுண்ணாம்பு சீக்கிரம் உலரும் என்பதால், ஒரு முழம் பூசுவாள். ஈரம் இருக்கும்போதே வரைவாள். பிறகு அடுத்த முழம்.

“சுவரா பூசுகிறாள்? தோசையல்லவா ஊற்றுகிறாள்!” என்றான் கூத்தன்.

அவள் கை நிற்கவில்லை. இது கெட்டால் சாலையும் இல்லை, தூரிகையும் இல்லை.

குறித்த நாளில் யானைகள் இறங்கின. முதல் யானை துதிக்கையால் தண்ணீர் பீய்ச்சியது. தங்கத்தேர் வழிந்து ஓடியது. இரண்டாம் யானை பீய்ச்சியது. மற்ற ஓவியங்களும் கரைந்தன. மூன்றாம் யானை தத்தையின் பாகத்தில் தண்ணீர் பீய்ச்சி, அதன்மேல் சாய்ந்து, சுகமாக முதுகைத் தேய்த்துக்கொண்டது.

தத்தை ஓரடி முன்னே வந்து பார்த்தாள்.

யானை விலகியது. அவள் வரைந்த அன்னக்கூட்டம், நனைந்து இன்னும் பளிச்சென்று நின்றது! கரையில் இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

“அரண்மனையின் நாற்பது சுவர்களும் உனக்கே” என்றான் மன்னன்.

கூத்தன் தலையைச் சொறிந்தபடி அருகில் வந்தான். “நாற்பது சுவருக்குச் சுண்ணாம்பு குழைக்க ஆள் வேண்டாமா, தத்தை?”

“வா. முழம் முழமாகத்தான், தெரிந்துகொள்!” என்றாள் அவள்.

பிள்ளைகளே, பல வழிகளில் முயன்று, தவறியது ஏன் என்று பொறுமையாகக் கவனிப்பவரே கலையில் வெல்வார்.