வில்லவராயர் பேர் ஒண்ணு போதும்

தூத்துக்குடி வில்லவராயருக்குத் தன் பேர்மேல் அப்படியொரு ஆசை. ஆபீஸ் டம்ளரில்கூடப் பேர் வெட்டி வைத்திருந்தார். மீனவர்களுக்குக் காற்று நிலவரம் சொல்லும் யாரும் நிரலை எடுத்தாளக்கூடிய திறமூலச் செயலி ஒன்றை நடத்திவந்தார். அதில் காற்றுக் கணக்குப் போடும் நிரல் மட்டும் வேறொருவர் எழுதியது. அதற்கு அவர் பேர் போட்ட தனி உரிமம்.

“எவன் பேரோ இங்க எதுக்கு? உரிமம் கிரிமம் எல்லாத்தையும் அழிச்சிரு. என் பேர் ஒண்ணு போதும்” என்றார், புதிதாய்ச் சேர்ந்த கிளாடிஸிடம்.

கிளாடிஸ் பவ்யமாகத் தலையாட்டினாள். “சரிங்க சார். ‘கணக்கு தப்பினால் எழுதியவர் பொறுப்பல்ல’ன்னு அந்த உரிமத்துல ஒரு வரி இருக்கு, அதுவும் போயிரும். கணக்கு தப்பாப் போச்சுன்னா படகுக்காரங்க உங்களைத்தான் தேடி வருவாங்க. வீட்டு விலாசத்தையும் சேர்த்துரவா?”

வில்லவராயர் ஜன்னல் வழியே துறையைப் பார்த்தார். நூறு படகு நின்றது.

“அவர் பேரும் உரிமமும் அப்படியே இருக்கட்டும், தாயி. என் பேரைக் கொஞ்சம் சின்ன எழுத்துல போடு.”