முட்டைக்கு ஒரு பொன்னாடை

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊர் ஒன்றின் அருங்காட்சியகத்தில், மூன்று டைனோசர் மண்டையோடுகள் மிகுந்த மரியாதையோடு வாழ்ந்து வந்தன. செத்துப் பல கோடி ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மரியாதை என்பதால், அதைக் கட்டிக் காப்பதில் அவற்றுக்குக் கூடுதல் அக்கறை.

பெரியதன் பெயர் ராஜகம்பீரன். நடுத்தரமானது இளவேந்தன். சிறியதற்கு மூக்கின் மேல் குட்டிக் கொம்பு இருந்ததால் கொம்புமூக்கன். மூன்றும் மூன்று தனி இனங்கள் என்று கண்டுபிடித்தவர் காப்பாட்சியர் முனைவர் அறவாழி. இனத்துக்கு ஒரு பெயர்சூட்டு விழா, விழாவுக்கு ஒரு பொன்னாடை. சிறியது பெரியதன் பிள்ளையாக இருக்குமோ என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பிள்ளையைக் கண்டுபிடித்தவருக்கு யார் பொன்னாடை போர்த்துவார்கள்?

ஒருநாள் சுரங்கத்திலிருந்து ஒரு கல்முட்டை வந்தது. எதிர் மேசையில் வைத்தார்கள். அது ராஜகம்பீரனைப் பார்த்ததும், "அம்மா!" என்றது.

"யாரை?" என்றது ராஜகம்பீரன்.

"உங்களைத்தான்."

"நான் ராஜா. பலகையில் எழுதியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா?"

"முட்டைக்குள் பள்ளிக்கூடம் இல்லை அம்மா. பல்லை அரைத்துப் பழகினேன். காலை உதைத்துப் பழகினேன். உதைக்க உதைக்கத்தான் எலும்பு உரமானது. தலையை மடித்து வைத்துக்கொண்டு வெளியே வரத் தயாராக இருந்தேன். அதற்குள் வெள்ளம் வந்து மண் மூடிவிட்டது."

"எங்கள் இனத்தில் யாரும் உதைத்ததில்லை. நான் பிறக்கும்போதே இந்த அளவுதான்."

"இந்த அளவா? உங்களைப் பெற்றவள் பாவம்" என்றது முட்டை.

இளவேந்தன் இடையில் புகுந்தது. "இதில் என்னை இழுக்காதீர்கள். எனக்கும் இவருக்கும் பக்கத்துப் பேழை என்பதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை."

கொம்புமூக்கன் மட்டும் தயங்கியது. "உனக்கும் மூக்கில் கொம்பு உண்டா?"

"உண்டு. உங்களுடையதைப் போலவே."

கொம்புமூக்கன் ராஜகம்பீரனை ஓரக்கண்ணால் பார்த்தது. பிறகு, "கொம்பு யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டது.

"எனக்குப் பெயர் வேண்டாம், பலகை வேண்டாம்" என்றது முட்டை. "உங்கள் பக்கத்தில் ஓர் ஓரம் கொடுங்கள். 'என் பிள்ளை' என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், போதும்."

மூன்றும் தத்தம் பலகையைப் பார்த்துக்கொண்டன. பரம்பரைப் பெருமை உள்ளவர்களுக்குப் பிள்ளைகள் வந்து நின்றால் சங்கடம்தான்.

அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் பூங்கோதை முட்டையைத் துணியில் சுற்றி டவுன் ஸ்கேன் சென்டருக்கு எடுத்துப் போனாள். "எத்தனாவது மாசம்?" என்று கேட்டுச் சிரித்த ஸ்கேன் எடுப்பவர், படம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். உள்ளே மடங்கிய தலை, தேய்ந்த பற்கள், மூக்கில் துளிக் கொம்பு. பூங்கோதை மண்டையோடுகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் படம் எடுத்தாள். எடுத்தவள் அறவாழியின் அறைக்கு ஓடினாள்.

"சார், இதுங்க மூணும் வேற வேற இல்ல சார், ஒரே இனம்! கொம்போட பொறக்குது, வளர வளர அது கரைஞ்சு போவுது. நடுவுல உள்ளதுக்கு மொட்டு மாதிரி இருக்கு, பெருசுக்கு வெறும் தழும்பு. ஒரு உசுரு கருவுலேருந்து எப்படி வளந்துச்சுன்னு முழுசா நம்ம கையில இருக்கு சார். யாருக்குக் கிடைக்கும்?"

அறவாழி படங்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. புரிந்ததுதான் தொல்லை.

"ஏம்மா, மூணு பேரு வெச்சு மூணு விழா எடுத்தாச்சு. இப்ப ரெண்டு பேரை அழிச்சிட்டு, போத்துன பொன்னாடையைத் திருப்பிக் குடுக்கச் சொல்றியா?"

"உண்மை அதான சார்?"

"உண்மை எங்கயும் ஓடிப் போவாது. இத்தினி கோடி வருஷம் மண்ணுக்குள்ள பொறுமையா இருந்துச்சுல்ல, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்." சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "முட்டைக்கு இன்னும் பேரு வெக்கலியே! நாலாவது இனம்னு அறிவிச்சுருவோம். 'பூங்கோதையன்.' உலகம் உள்ள வரைக்கும் உம் பேரு நிக்கும்மா."

பூங்கோதை மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயால், "பலகையில தமிழ்லயும் எழுதுவாங்களா சார்?" என்று கேட்டாள்.

விழா நாளும் வந்தது. வாசலில் பிளெக்ஸ் பேனர், உள்ளே நாதஸ்வரம். முட்டைக்குத் தனிப் பேழை, கூடத்தின் அடுத்த கோடியில். இனி ஆபத்தில்லை என்று தெரிந்ததும் மண்டையோடுகளுக்குப் பாசம் பொங்கியது.

"புது இனமாமே! வாருங்கள், வாருங்கள்" என்றது இளவேந்தன்.

"பார்த்ததுமே நினைத்தேன், நல்ல குடும்பம்" என்றது கொம்புமூக்கன்.

தழும்பைப் படம் எடுத்த நாளிலிருந்தே ராஜகம்பீரனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது: சுடுமணலைக் காலால் தோண்டியது, முட்டைகளை மூடியது, வெள்ளம் வந்த அன்று கரையில் நின்று கதறியது.

அறவாழியின் தோளில் நான்காவது பொன்னாடை விழுந்தது. கைதட்டலுக்கு நடுவே, அந்தக் கோடியிலிருந்து முட்டை கடைசி முறையாகக் கூப்பிட்டது.

"அம்மா!"

"உஷ்!" என்றது ராஜகம்பீரன். "போட்டோ எடுக்கிறார்கள்."