தொட்டியில் காய்த்த புளி

சிற்றம்பலம் ஒரு காலத்தில் மேடையேறினால் மூன்று மணி நேரத்துக்கு இறங்கமாட்டார். மைக்செட்காரர் கொட்டாவி விட்டாலும் இவர் மைக்கை விடமாட்டார். அப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டாவது வயதில் வடிவாம்பாள் அம்மையாரின் ஆசிரமத்தில் வந்து சேர்ந்தார். அம்மையார் அவரைவிடப் பதினோரு வயது இளையவர்.

வெள்ளிக்கிழமைதோறும் ஆசிரமத்தில் சிற்றம்பலம்தான் பேச வேண்டும். ஆனால் முதலில் எழுதிக் காட்ட வேண்டும். அம்மையார் சிவப்புப் பென்சிலை எடுத்து அடித்துத் தள்ளிவிடுவார். முதல் வருடம் ஒரு மணி நேரப் பேச்சு மிஞ்சியது. ஒன்பதாம் வருடம் மிஞ்சியது ஏழு நிமிடம்.

அந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய அரங்கம், மூன்று நாள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். சிற்றம்பலம் அழைப்பிதழை அம்மையார் முன்னால் வைத்தார்.

"நான் போறேம்மா. திரும்பி வரமாட்டேன். ஒன்பது வருசமா வெட்டி வெட்டி என்னைக் குட்டையாக்கிட்டீங்க."

அம்மையார் கோபப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வரச் சொன்னார். இருவரும் டவுன் பஸ் ஏறி அரசுப் பூங்காவில் இறங்கினார்கள். அங்கே பச்சை வலைப்பந்தலின் கீழே, கல்மேடைகளில், தொட்டியில் குட்டையாக வளர்த்த போன்சாய் மரங்களை வைத்திருந்தார்கள்.

முதலில் ஓர் ஆலமரம். முழங்கால் உயரம்தான். விழுதுகள் இறங்கி மண்ணில் ஊன்றியிருந்தன. தகட்டில் வயது எழுபத்து நான்கு என்றிருந்தது. தன்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தது என்று உறைத்ததும் சிற்றம்பலத்தின் கை தானாகப் போய்த் தோள்துண்டை எடுத்தது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு குந்தி உட்கார்ந்து, அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் அது ஊர்ப் பொதுவில் நிற்கும் ஆலமரமேதான். கிளைகளுக்கு நடுவே வானம் தெரிந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நாலு மரம் தள்ளி ஒரு புளியமரம். இலைகள் கடுகுக்குக் கொஞ்சம் பெரிது. ஆனால் கொம்பில் தொங்கிய காய்கள் முழுக் காய்கள், சந்தையில் விற்கிற அளவு. யாரோ வேடிக்கைக்குக் கட்டிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காம்பில் நூலைத் தேடினார்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரி பவுனம்மாள் சிரித்துவிட்டாள்.

"நூலைத் தேடாதீங்க சாமி. அது காய்ச்சது. வெட்ட வெட்ட இலை சிறுக்கும், கொப்பு சிறுக்கும். காய் மட்டும் சிறுக்காது."

உதிர்ந்து கிடந்த பழம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வாயில் போட்டதும் அவர் கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டன. அதே புளிப்பு, ஒரு குன்றிமணி குறையவில்லை. கொட்டையை விதைத்தால் என்ன வரும் என்று கேட்டார். இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் கை எட்டாத மரம் வரும் என்றாள்.

சிற்றம்பலம் அவ்வளவு லேசில் விடுகிறவரா?

"தரையில விட்டிருந்தா இது மூட்டை மூட்டையாக் காய்ச்சிருக்கும்லம்மா?"

"காய்ச்சிருக்கும்" என்றார் அம்மையார்.

"அப்புறம் என்னை ஏன் வெட்டினீங்க?"

"நீங்க வந்தப்போ மூணு மணி நேரமும் வெறும் இலையாத்தான் இருந்துச்சு. ஒரு காய்கூட என் கண்ணுல படல."

சிற்றம்பலத்துக்குச் சுருக்கென்றது. போகும் வழியில் ஆலமரத்தின் முன்னால் மட்டும் இன்னொரு முறை நின்றார். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் கேட்டார்.

"மதுரைக்குப் போகவாம்மா?"

"போங்க."

"எவ்வளவு நேரம் பேசட்டும்?"

அம்மையார் அவர் கன்னத்தைப் பார்த்தார். புளியங்கொட்டை இன்னும் உள்ளே உருண்டுகொண்டிருந்தது.

"கேட்டவங்க வீட்டுக்குப் போறப்போ வாயில ஒரு கொட்டை மிஞ்சணும். அவ்வளவு நேரம்."